துளியும் விண்மீனும்: எழுத்தின்மேல் ஏற்றிய குறிகள்

தூத்துக்குடித் தூய பனிமய மாதா பேராலயத்தின் பெருவிழா ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள் நிறைவெய்துகிறது. அன்னை மரியாளுக்குரிய பட்டங்கள் பலவற்றுள்ளும் கடலையே வாழ்வாகக் கொண்ட பரதவர் நெஞ்சிற்கு அணுக்கமானது ‘கடலின் விண்மீன்’ என்பதாகும். கரை தெரியாத இரவில் வானத்து மீனை நோக்கித் தோணி செலுத்திய மக்களுக்கு இப்பெயரின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் இப்பெயர் பிறந்த வகை ஆராயத்தக்கது. மரியாள் என்பதன் எபிரேய வடிவம் மிரியாம். விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த புனித ஜெரோம் (இறப்பு கி.பி. 420) எபிரேயப் பெயர்களுக்குப் பொருள் கூறும் நூலொன்று செய்தார். அந்நூலில் துளியைக் குறிக்கும் ‘மார்’, கடலைக் குறிக்கும் ‘யாம்’ என இப்பெயரைப் பிரித்து, ‘ஸ்தில்லா மாரிஸ்’, அதாவது ‘கடலின் துளி’ என அவர் எழுதினார் என்றும், பின்னர் ஏடு படியெடுத்தோர் கையில் அது ‘ஸ்தெல்லா மாரிஸ்’, அதாவது ‘கடலின் விண்மீன்’ என மாறியது என்றும் அறிஞர் பலர் கருதுவர். இகரம் எகரமாயிற்று, துளி விண்மீனாயிற்று. ஓர் உயிரெழுத்தின் திரிபிலிருந்து தோன்றிய பட்டம் நூற்றாண்டுகள் கடந்து கடலோடிகளின் வேண்டுதலில் நிலைபெற்றது.

முத்து விளையும் கரையில் ‘கடலின் துளி’ என்னும் முதற்பொருளும் அயலானதன்று. சுவாதி நாளில் பெய்யும் மழைத்துளி வாய்திறந்த சிப்பிக்குள் வீழ்ந்து முத்தாகும் என்பது நம் நாட்டார் நெடுங்கால நம்பிக்கை. வானத்துப் பனியை ஏற்றுச் சிப்பி முத்தீனும் என்றே உரோம நாட்டுப் பிளினியும் (இறப்பு கி.பி. 79) எழுதினார். நவமணிகளுள் முத்தைச் சந்திரனுக்கு உரியதாக்கினர் சோதிட நூலார். துளி, முத்து, திங்கள், விண்மீன் ஆகியன இவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கரையில் ஒரு வினா எழுகிறது. எழுத்துக்கும் விண்மீனுக்கும் உள்ளதாகக் கூறப்படும் உறவு எழுத்திலேயே பிறந்ததா, மனிதர் பிற்காலத்தில் ஏற்றியதா? புதிர் விடுவிக்கும் ஆர்வத்துக்காக மட்டும் எழும் வினா இதுவன்று. எழுத்துக்கு நாளும் கோளும் வகுத்த கைகள் அதனோடு நில்லாமல் எழுத்துக்கு உயர்வு தாழ்வும் வகுத்தன என்பதனால் இவ்வினா எடையுடையதாகிறது.

நிலவுச் சீட்டு

எழுத்தையும் விண்மீனையும் இணைக்கும் முயற்சிக்கு இன்று உலகெங்கும் அறியப்பட்ட சான்று, குறி சொல்வோர் விரிக்கும் டாரட் சீட்டாகும். இச்சீட்டுக் கட்டில் 78 சீட்டுகள் உள்ளன. அவற்றுள் 22 தனிப்படம் தாங்கிய துருப்புச் சீட்டுகள். 18ஆம் எண்ணுடைய நிலவுச் சீட்டு, மேற்கூறிய துளி, நீர், விண் ஆகிய மூன்றையும் ஒரே படத்தில் காட்டுகிறது.

இன்று பரவலாக வழங்கும் வடிவம் 1909ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பார் வகுத்தளிக்க, பமீலா கோல்மன் ஸ்மித் என்னும் ஓவியப் பெண்மணி அதனை வரைந்தார். முகமுடைய திங்கள் மேலே நிற்கிறது. இருபுறமும் இரு கோபுரங்கள். அவற்றின் முன்னே வானோக்கி ஊளையிடும் நாயும் ஓநாயும். கீழே ஒரு நீர்நிலை. அதிலிருந்து நம் கடற்கரையார் சிங்கி இறால் என்பதனை ஒத்த உயிரொன்று கரையேறுகிறது. திங்களிலிருந்து 15 துளிகள் சிந்துகின்றன. அத்துளிகள் எபிரேய நெடுங்கணக்கின் மிகச் சிறிய எழுத்தாகிய ‘யோத்’ வடிவில் வரையப்பட்டுள்ளன. இச்சீட்டுக்கு உரிய எழுத்து ‘கோப்’ என்றும், உரிய இராசி மீனம் என்றும் வெயிட் சார்ந்திருந்த மறைநெறிக் கழகத்தார் வகுத்திருந்தனர்.

இவை தொன்றுதொட்டு வந்த மறைபொருள் என நம்புவோர் பலர். ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் உண்மை வேறாகத் தோன்றும். டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பெருமக்களின் அரண்மனைகளில் பொழுதுபோக்கு ஆட்டமாகத் தோன்றியது. அந்நூற்றாண்டின் கைவண்ணச் சீட்டு ஒன்றில் பிறைத்திங்களைக் கையிலேந்திய பெண் மட்டுமே காணப்படுகிறாள். மற்றொன்றில் வானியலார் இருவர் திங்களை அளந்து ஆராய்கின்றனர். நாயும் இறாலும் கோபுரமும் பின்னர் வந்தன. எழுத்தோ அதற்கும் பின்னரே வந்தது. 1781இல் பிரான்சு நாட்டுக் கூர் டி ஜெபலன் தம் பெருநூலின் ஒரு தொகுதியில் இச்சீட்டுகள் எகிப்தியரின் ஞானநூல் எனக் கூறினார். எகிப்திய எழுத்து வாசிக்கப்படாதிருந்த காலம் அது. அத்தொகுதியிலேயே இடம்பெற்ற மெல்லே பிரபுவின் கட்டுரை 22 சீட்டுகளை 22 எபிரேய எழுத்துகளோடு பொருத்தியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எலிஃபாஸ் லெவி அப்பொருத்தத்தை ஒரு முறையாக விரித்தார். 1888இல் இலண்டனில் தோன்றிய ‘கோல்டன் டான்’ கழகம் அதனை மாற்றியமைத்தது.

அம்மாற்றமே ஆய்வாளர்க்குப் பெருஞ்சான்றாகிறது. லெவி முதற்சீட்டாகிய மாயவித்தைக்காரனுக்கு முதலெழுத்தாகிய ‘ஆலெப்’ என்பதனைக் கொடுத்தார். அவ்வழி எண்ணினால் 18ஆம் சீட்டாகிய நிலவுக்கு 18ஆம் எழுத்தாகிய ‘ட்சாதே’ உரியதாகும். கோல்டன் டான் கழகத்தார் எண்ணில்லாச் சீட்டாகிய பேதையை முதலில் நிறுத்தி அதற்கு ‘ஆலெப்’ என்பதனை அளித்தனர். எனவே நிலவு ஓரிடம் தள்ளி 19ஆம் எழுத்தாகிய ‘கோப்’ என்பதனைப் பெற்றது. ஒரே படத்துக்கு ஓர் ஊரில் ஓர் எழுத்து, மற்றோர் ஊரில் மற்றோர் எழுத்து. எழுத்து படத்தினுள்ளேயே உறைவதாயின் இது நிகழாது.

இராசியின் நிலையும் இதுவே. எபிரேயரின் ‘செபெர் யெட்சீரா’ என்னும் பழம் நூல் 22 எழுத்துகளை 3, 7, 12 என மூவகையாக்கி, முறையே பூதங்கள், கோள்கள், இராசிகள் ஆகியவற்றோடு இணைக்கிறது. அந்நூல் தோன்றிய காலத்தில் சீட்டாட்டம் ஐரோப்பாவில் இல்லை. 12 எழுத்துகள் நெடுங்கணக்கு வரிசையிலேயே மேடம் முதலாக வைக்கப்பட்டதனால், இறுதியில் நிற்கும் ‘கோப்’ இறுதி இராசியாகிய மீனத்தைப் பெற்றது. ‘கோப்’ என்பதற்குப் பிடரி எனப் பொருள் கூறுவர். மீன் என்னும் பொருளையே பெயராக உடைய எழுத்து ‘நூன்’. அதற்கு மீனம் கிடைக்கவில்லை; விருச்சிகமே கிடைத்தது. படமோ வேறொன்று கூறுகிறது. ஐரோப்பியர் கடக இராசியை நண்டாக மட்டுமின்றி இறாலாகவும் வரைவதுண்டு. சந்திரனின் ஆட்சி வீடு கடகம் என்பது மேலைச் சோதிடத்துக்கும் நம் சோதிடத்துக்கும் பொது. ஆகவே சீட்டின் நீர்நிலையிலிருந்து ஏறிவரும் உயிர் கடகத்தையும், சீட்டின்மேல் ஒட்டப்பட்ட எழுத்து மீனத்தையும் காட்டுகின்றன. இரு வேறு காலத்து இரு வேறு கைகளின் வேலை இது.

பாட்டியல் வகுத்த பொருத்தங்கள்

மேலைநாட்டாரின் இம்முயற்சியைக் கண்டு வியப்பதற்கோ நகைப்பதற்கோ முன்னர்த் தமிழ் மரபை நோக்குதல் வேண்டும். தொல்காப்பியம் எழுத்தின் பிறப்பை உந்தியிலிருந்து எழும் காற்றாலும், தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளாலும் விளக்குகிறது. எந்த எழுத்துக்கும் அது நாளோ கோளோ கூறவில்லை. நஞ்சென்றும் அமுதென்றும் பிரிக்கவில்லை. பிற்காலத்துப் பாட்டியல் நூல்களே இப்பணியை மேற்கொண்டன. அவற்றுள் பெயர்பெற்ற வெண்பாப் பாட்டியல் என்னும் வச்சணந்திமாலை, நேமிநாதம் செய்த குணவீர பண்டிதர் இயற்றியது. மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) காலத்தது.

புலவன் ஒருவன் புரவலனைப் பாடும்போது செய்யுளின் முதற்சொல் பாட்டுடைத் தலைவனின் பெயரோடு பொருந்த வேண்டும் என்பது பாட்டியலார் கொள்கை. மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உண்டி, வருணம், நாள், கதி, கணம் எனப் பொருத்தம் பத்து. மணமக்களுக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது போலவே பாட்டுக்கும் தலைவனுக்கும் பார்த்தனர். உண்டிப் பொருத்தத்தில் அ, இ, உ, எ என்னும் குற்றுயிர்களும் க, ச, த, ந, ப, ம, வ என்னும் மெய்களும் அமுத எழுத்துகள். யா, யோ, ரா, ரோ, லா, லோ, ளா, ளோ முதலியன நச்செழுத்துகள். தானப் பொருத்தத்தில் உயிர்கள் ஐந்து கூறாகிப் பாலன், குமாரன், இராசன், மூப்பு, மரணம் என நிற்கும். இறுதி இரண்டும் விலக்கத்தக்கன. நாட்பொருத்தத்தில் 27 நாள்களுக்கும் எழுத்துகள் பங்கிடப்பட்டன. பஞ்சபட்சி சாத்திரத்தாரும் இவ்வழியே சென்று, அகரத்துக்கு வல்லூறு, இகரத்துக்கு ஆந்தை, உகரத்துக்குக் காகம், எகரத்துக்குக் கோழி, ஒகரத்துக்கு மயில் என ஐந்து பறவைகளை வகுத்தனர்.

நாளுக்கு எழுத்து வகுக்கும் முறை இன்றும் இல்லந்தோறும் வழங்குகிறது. அசுவதியில் பிறந்த மகவுக்குச் சு, சே, சோ, லா என்னும் எழுத்துகளுள் ஒன்றை முதலாகக் கொண்டு பெயரிடுவர். இங்கும் ‘நூன்’ எழுத்துக்கு நேர்ந்ததே நேர்ந்துள்ளது. மீன் என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய ‘மீ’ மீன இராசிக்குரிய நாள்களில் இல்லை. சிம்ம இராசியின் மக நாளுக்கு உரியதாயிற்று. முத்து என்னும் சொல்லின் முதலெழுத்தும் மகத்தையே சாரும். மகத்துக்கு உரிய கோள் கேது. கேதுவின் மணி வைடூரியம். முத்து சந்திரனுக்கு உரியதென மணிநூல் ஒருபுறம் கூற, அதன் முதலெழுத்து மறுபுறம் வைடூரியத்தைச் சுட்டுகிறது. குறிகள் பொருளிலிருந்து முளைத்தன அல்ல. ஒரு வரிசையை மற்றொரு வரிசையோடு அடுக்கியதால் வந்தவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இந்நம்பிக்கையின் வலிமையைச் சிறிதென எண்ணுதல் கூடாது. 9ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் தன்மேல் பாடப்பெற்ற நந்திக் கலம்பகத்தைக் கேட்டு உயிர்நீத்தான் என்னும் கதை, எழுத்து உயிரைக் கொல்லும் என்னும் அச்சத்தின் வடிவமே. வரலாற்றறிஞர் இதனைக் கதையென்றே கொள்வர். எனினும் புலவர் பலர் முதற்சொல்லைத் தேர்ந்தெடுக்க அஞ்சி நடுங்கிய காலம் ஒன்று இருந்தது மெய்.

அவ்வச்சத்துக்கு உட்படாத குரலும் தமிழ் மரபிலேயே எழுந்தது. மலைபடுகடாத்தில் ஓரிடத்தில் ஆனந்தக் குற்றம் உண்டெனச் சிலர் கூறினர். பாடப்பெற்ற தலைவனுக்குத் தீங்கு விளைப்பதாகக் கருதப்பட்ட சொற்குற்றம் அது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனை மறுத்தார். தொல்காப்பியனார் கூறாத இக்குற்றம் பின்னுள்ளோர் கூறியது. பண்டைச் சான்றோர் செய்யுளை அதனைக் கொண்டு அளத்தல் பொருந்தாது என்பது அவர் கருத்தின் சாரம். மரபை மரபின் காலவரிசை கொண்டே திருத்திய இந்நெறி, சீட்டின் எழுத்தை ஆராய்வதற்கும் உரிய நெறியாகும்.

ழகரத்துக்கு வகுத்த வருணம்

பத்துப் பொருத்தத்துள் வருணப் பொருத்தம் தனியே நோக்கத்தக்கது. உயிர் 12உம், க, ங, ச, ஞ, ட, ண என்னும் மெய் 6உம் அந்தணர்க்குரியன. த, ந, ப, ம, ய, ர என்னும் 6உம் அரசர்க்குரியன. ல, வ, ற, ன என்னும் 4உம் வணிகர்க்குரியன. எஞ்சிய ழ, ள என்னும் இரண்டும் நான்காம் வருணத்தார்க்குரியன. முதலெழுத்து முப்பதும் இவ்வாறு பங்கிடப்பட்டன.

தமிழுக்கே சிறப்பென இலக்கண நூலார் பாராட்டும் எழுத்து ழகரம். மொழியின் பெயரிலேயே நின்று ஒலிப்பது. அதனைப் பாட்டியலார் இறுதி வருணத்தில் வைத்தனர். ஒலிப்பிலோ வடிவிலோ இதற்குக் காரணம் காண இயலாது. சமூகத்தில் முன்னரே நிலவிய படிவரிசையை எழுத்துகளின்மேல் ஏற்றினர். ஏற்றிய பின்னர், எழுத்திலேயே அவ்வரிசை உள்ளதெனக் காட்டினர். கலம்பகம் பாடுங்கால் தேவர்க்கு 100, முனிவர்க்கு 95, அரசர்க்கு 90, அமைச்சர்க்கு 70, வணிகர்க்கு 50, வேளாளர்க்கு 30 எனப் பாட்டின் தொகையையும் அளந்து கொடுத்தது இவ்விலக்கணம். இவ்வளவையின் படிகளுள் கடலில் மூழ்கி முத்தெடுத்தோருக்கு இடமே இல்லை.

மூழ்கியோரும் குறி பார்த்தோரும்

கொற்கை முத்தின் புகழ் தமிழரும் யவனரும் ஒருங்கே அறிந்தது. அகழாய்வில் அங்குத் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. அவ்வெழுத்துகளைப் பொறித்தோர் தத்தம் பெயரை எழுதவே எழுத்தைக் கையாண்டனர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்தனர் எனக் குறிக்கிறது. ஒளிரும் மணியின் அடியில் கிடந்த துயரத்தை ஒரே தொடரில் கூறிய குறிப்பு அது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்பகுதியைக் கண்ட மார்க்கோ போலோ முத்துக்குளிப்பை விரிவாக எழுதினார். ஏப்ரல் தொடக்கம் முதல் மே நடுவரை குளிப்பு நிகழும். கிடைத்தவற்றுள் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறா முதலிய பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கு. அம்மந்திரம் பகலுக்கு மட்டுமே உரியது. இரவில் திருடர் எவரும் மூழ்காதிருக்கும் பொருட்டு மாலையில் கட்டை அவிழ்த்துவிடுவர். இம்மந்திரக்காரரைக் கடற்கட்டி என்பர். கடலைக் கட்டுபவர் என்பது பொருள். மறைபொருளுக்குக் கொடுத்த விலையைப் பங்குக் கணக்கிலேயே காட்டும் அரிய செய்தி இது. கடற்கட்டியின் வழக்கம் பரதவர் கத்தோலிக்க சமயம் தழுவிய பின்னரும் தொடர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூத்துக்குடிச் சலாபத்தை ஆராய்ந்து எழுதிய எட்கர் தர்ஸ்டனும் அவர்களைக் குறிப்பிடுகிறார்.

கல்லைக் காலில் பூட்டிக் கயிற்றைப் பற்றிப் பாருக்கு இறங்கும் குளியாளுக்கு மூச்சடக்கிய ஒரு மணித்துளி அளவே வாழ்வு. அந்த அச்சத்தின்முன் கடற்கட்டியின் சொல் துணிவளித்தது என்பதனை மறுத்தல் இயலாது. குறி மனத்துக்குத் துணிவு தரலாம். சிப்பி விளைவதோ, விளையாதொழிவதோ குறியைப் பொறுத்து நிகழவில்லை. பல ஆண்டுகள் பார்களில் சிப்பியே இன்றிச் சலாபம் நடவாதொழிந்தது. 1955 முதல் நடைபெற்ற குளிப்புகளின் வரிசையும் 1961ஆம் ஆண்டோடு முடிவுற்றது. பின்னர் 1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன அறிஞர் கே. அழகர்சாமி இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை உருவாக்கினார். சிறு மணிக்கருவொன்றையும் சிப்பியின் மேலாடைத் திசுத்துண்டு ஒன்றையும் சிப்பியின் உடலுள் வைத்தால், அத்திசு ஒரு பையாக வளர்ந்து மணிக்கருவின்மேல் படலம் படலமாக முத்துப் பொருளைச் சுரக்கிறது. இயற்கை முத்திலும் உட்புகுந்த அயற்பொருளையோ ஒட்டுண்ணியையோ சுற்றி இச்செயலே நிகழ்கிறது. சுவாதித் துளி முத்தாகவில்லை என்பதனை, அத்துளியைப் பாடிய கரையிலேயே மெய்ப்பித்தனர். துளியின் கதை கதையாக நின்று இன்பம் பயக்கும். முத்தின் பிறப்பு அறிவியலில் நின்று பயன் தரும்.

எபிரேய வழியில் வந்த ஒருவர்

எபிரேய எழுத்தின் மறைபொருள் இக்கரைக்கு எப்போதேனும் வந்ததா என வினவுவோர்க்கு வரலாறு வேறொரு விடையை வைத்துள்ளது. எபிரேயக் குடிவழியில் வந்த மனிதர் ஒருவர் வந்தார், அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கு வாழ்ந்தார், இங்கேயே மறைந்தார். அவரே அண்டிரிக் அடிகளார் என்னும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ்.

போர்ச்சுகல் நாட்டு விலா விசோசாவில் 1520ஆம் ஆண்டளவில் பிறந்த இவருடைய முன்னோர் யூதர்; கிறித்தவம் தழுவியோர். அந்நாட்டில் அத்தகையோரைப் ‘புதுக் கிறித்தவர்’ எனக் குறித்து ஒதுக்கினர். பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்த இவர் இக்குடிவழி காரணமாக வெளியேற்றப்பட்டார். 1545இல் இயேசு சபை இவரை ஏற்றது. 1546இல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறையில் பணியேற்றார். 1549இல் அந்தோனி கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட்ட பின் இக்கரைப் பணியின் தலைமை இவரிடம் வந்தது. புன்னைக்காயலில் மருத்துவமனை கண்டார்.

தமிழைக் கற்க இவர் கொண்ட உழைப்பு பெரிது. போர்த்துகேசிய மொழியில் இவர் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப் படி இலிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளது. 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் இவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்க நூலாகத் தமிழெழுத்தில் அச்சேறியது. 1579இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. 1586இல் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட ‘அடியார் வரலாறு’ வந்தது. அச்சுப் பணிக்கு இக்கரைப் பரதவர் பொருளுதவி செய்தனர். முத்தெடுத்தோர் கைப்பொருள் தமிழெழுத்தை ஈயத்தில் வார்க்க உதவியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

சமயம் பரப்ப வந்தவர் அவர். அந்நோக்கத்துக்காகவே தமிழ் கற்றார். அவருடைய நூல்கள் சமயப் போதனை நூல்களே. எழுத்தின் ஒலிப்பையும் சொல்லின் புணர்ப்பையும் அறிய முயன்றாரே அன்றி, எழுத்தில் மறைபொருள் தேடினார் அல்லர். ஆயினும் அவர்மேல் ஒரு குறி இறுதிவரை ஒட்டியே இருந்தது. 1560இல் கோவாவில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. இந்திய மூலிகைகளையும் முத்தையும் பற்றி 1563இல் நூல் வெளியிட்ட மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவும் யூத வழியினரே. 1568இல் இறந்த அவருடைய எலும்புகளை 1580இல் அம்மன்றம் தோண்டியெடுத்து எரித்தது. 1593இல் இயேசு சபையின் ஐந்தாம் பொதுப்பேரவை, யூதக் குடிவழியினரைச் சபையில் சேர்த்தலாகாது என விதித்தது. அவ்வாண்டில் அண்டிரிக் அடிகளார் இக்கரையில் 46 ஆண்டுப் பணியை நிறைவு செய்து முதியவராக வாழ்ந்துகொண்டிருந்தார். அவரைப் போன்ற இளைஞர் ஒருவர் அன்று வந்து கதவைத் தட்டியிருந்தால் அது திறந்திராது. 1608இல் தளர்த்தப்பட்ட அவ்விதி 1946ஆம் ஆண்டிலேதான் முற்றிலும் நீக்கப்பட்டது. அடிகளார் 1600ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மறைந்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஒப்புமையும் உறவும்

யோத் என்னும் எபிரேய எழுத்து யகர ஒலியுடையது. எண்ணாகக் கொள்ளின் 10. தமிழில் பத்தைக் குறிக்கும் ௰ என்னும் குறியும் யகர வடிவை ஒத்தது. இவ்வொற்றுமையைக் காண்போர் இரு மொழிகளுக்கும் பழங்கால மறையுறவு ஒன்றைக் கற்பிக்கத் தலைப்படுவர். தமிழெண் குறிகள் பிராமி எண் குறிகளிலிருந்து வளர்ந்தவை. காலப்போக்கில் எழுத்து வடிவங்களை ஒத்து வந்தவை. எனவே இது தற்செயலான ஒப்புமையே. உண்மையான தொடர்பு எவ்வாறு தடம் பதிக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு வேறு. சாலமோன் மன்னனுக்குக் கப்பலில் வந்த மயில்களைக் குறிக்கும் ‘துக்கி’ என்னும் எபிரேயச் சொல்லைத் தமிழ்த் ‘தோகை’ என்பதனோடு இணைத்துக் காட்டினார் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல். ஒலி, பொருள், கடல்வணிகம் ஆகிய மூன்றும் அங்குச் சான்றாக நிற்கின்றன. ஆய்வார் அதனைச் சோதிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். மறைபொருள் ஒப்புமைக்கு அவ்வாறு சோதிக்கும் வழியே இல்லை. டச்சுக்காரர் 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய காலத்தின் நினைவாகச் சீட்டாட்டத்தில் ‘கிளாவர்’ என்னும் சொல் தமிழில் நிற்கிறது. ஆட்டம் வந்த வழியைச் சொல்லே சொல்கிறது.

நிறைவுரை

நிலவுச் சீட்டின் எழுத்தும் பாட்டியலின் எழுத்தும் தம்முள் உறவுடையன அல்ல. இரண்டிடத்தும் நிகழ்ந்த செயல் ஒன்றே. முன்னரே இருந்த எழுத்தை எடுத்து, முன்னரே இருந்த வான்வரிசையோடு பொருத்தி, அப்பொருத்தத்துக்குத் தொன்மை கற்பித்தனர். சீட்டுக்கு அவ்வாறு செய்தமை ஓவியத்தை வளப்படுத்தியது. எவருக்கும் தீங்கு பயக்கவில்லை. எழுத்துக்கு வருணம் வகுத்தமையும் மனிதனுக்குக் குருதிக்குறி இட்டமையும் அத்தகையன அல்ல. ழகரம் தாழ்ந்ததென்ற இலக்கணமும், அண்டிரிக் அடிகளாரின் வழியினர் தகுதியற்றோர் என்ற விதியும், ஏற்றிய குறியை இயற்கையெனக் காட்டிய ஒரே பிழையின் இரு வடிவங்கள்.

இப்பிழையைத் திருத்தும் கருவி எளியது. எக்குறி எந்நூற்றாண்டில் எவரால் ஏற்றப்பட்டது எனக் கேட்பதே அது. நச்சினார்க்கினியர் கேட்டது அவ்வினாவையே. அவ்வினாவால் அழகு எதுவும் அழிவதில்லை. ஸ்தில்லா என்பது ஸ்தெல்லாவாயிற்று என்பதனை அறிந்த பின்னரும் கடலின் விண்மீனை நோக்கிய வேண்டுதல் குன்றப்போவதில்லை. துளியென்ற முதற்பொருளும் விண்மீனென்ற பின்பொருளும் இக்கரையில் ஒருங்கே வாழ இடமுண்டு. ழகரமும் தன்மேல் இட்ட வருணத்தை உதறி, தமிழ் என்னும் பெயரின் இறுதியில் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.